வீட்டுத் தக்காளி: கூரை முதலில், விதை கடைசியில்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தக்காளி விதை முளைக்கவில்லை என்று யாரும் வந்து நின்றதில்லை. முளைக்கிறது, மளமளவென்று வளர்கிறது, பூவும் எடுக்கிறது. சிக்கல் அதற்கப்புறம்தான். பூவெல்லாம் கொட்டிப்போகும். இல்லையென்றால் நேற்று மாலை வரை நிமிர்ந்து நின்ற செடி இன்று பச்சையாகவே தலையைத் தொங்கப் போட்டிருக்கும். அந்த நேரத்தில் உரக் கடைக்கு ஓடிப் பயனில்லை. எந்த மாதம், எந்த மண், எந்த ரகம், மேலே கூரை உண்டா இல்லையா என்பதிலேயே அந்தச் செடியின் தலையெழுத்து பாதிக்கு மேல் முடிவாகிவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் விதையில் தொடங்குகிறார்கள். முளைத்த பிறகு பை தேடுகிறார்கள், பை கிடைத்த பிறகு மண் தேடுகிறார்கள், மழை கொட்டத் தொடங்கிய பிறகு கூரையைப் பற்றி யோசிக்கிறார்கள். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே சரிசெய்து கொள்ளலாம். கடையில் நாம் வாங்கும் தக்காளியில் பெரும்பகுதி கேமரன் மலையில் விளைவது. அங்கே பகலில் 25 டிகிரியைத் தாண்டுவதே குறைவு, இரவில் 16, 17க்கு இறங்கிவிடும். நம் ஊரில் பகல் 33, இரவு 23, 24. அங்கே காய்க்கிற அளவு இங்கே காய்க்காது. ஒரு செடிக்கு ஒன்றரை, இரண்டு கிலோ வந்தால் நல்ல அறுவடை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விதைப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: 16க்கு 16 அங்குலக் கருப்புப் பாலி பேக் அல்லது அடியில் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் தோங் (வாளி), கழுவிய தேங்காய் நார்த்தூள், சுட்ட உமி, நன்றாக மட்கிய ஆட்டுப் புழுக்கை, டோலமைட் சுண்ணாம்பு, கூரைக்கு யூவி பிளாஸ்டிக், செங்கல், ராஃபியா கயிறு, மஞ்சள் ஒட்டு அட்டை. முதல் தடவைக்கு நான்கு செடி போதும். இருபது செடி வைத்துவிட்டு ஒன்றையும் கவனிக்க முடியாமல் தவிக்கிறவர்களே அதிகம்.

1. இடமும் கூரையும்

காலை வெயில் படும் இடம் வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் குறைந்தபட்சம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சுவர் நிழலோ மர நிழலோ விழுந்தால் நல்லதே, பூக்களுக்குச் சூடு குறையும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கார் போர்ச்சுக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. அங்கே செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக ஓடும், காய்க்காது.

கூரைக்கு நிழல் வலை போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. கருப்பு வலை வெயிலைக் குறைக்கும், மழையை நிறுத்தாது. நமக்குத் தேவை நேர் எதிரானது: வெளிச்சம் வர வேண்டும், மழை வரக் கூடாது. ஒளி ஊடுருவும் யூவி பிளாஸ்டிக்தான் சரி.

மழையை ஏன் தடுக்க வேண்டும்? இலை நனைந்தே இருந்தால் பூஞ்சைப் புள்ளி அடியிலிருந்து மேலே ஏறும். தரையில் விழும் துளி மண்ணைத் தெறித்து இலையில் நோயை ஒட்டிவிடும். பழுக்கப்போகும் நேரத்தில் திடீரென்று பெய்யும் மழை காயை வெடிக்க வைக்கும். பைக்குள் போட்ட உரத்தையும் அதுவே கழுவிக்கொண்டு போய்விடும்.

கூரை எட்டு அடிக்குக் குறையாமல் உயரமாக இருக்கட்டும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தாழ்வாகக் கட்டிப் பக்கத்தையும் மூடினால் உள்ளே சூடு தங்கி, பூ மொத்தமும் போய்விடும். ஒரு பக்கம் சாய்வாகக் கட்டுங்கள். சாய்வில்லாத பிளாஸ்டிக்கில் ஒரே இரவில் குளம் கட்டி, எடை தாங்காமல் செடி மேலேயே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தோட்டத்திலோ சாலையோரத்திலோ புல்லுக்கு மருந்து அடிக்கும்போது காற்றில் வரும் சாரல் தக்காளிக்கு ஆகாது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி மருந்துக்குத் தக்காளி மிக எளிதில் ஆட்படும். வேலி ஓரத்தை விட்டு, வீட்டுச் சுவரின் மறைவில் வையுங்கள்.

2. மாதக் கணக்கு

பேராக் உட்பகுதியில் ஏப்ரல், மே ஒரு மழை. அக்டோபர், நவம்பர் அதைவிடப் பெரிய மழை. ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறையும். செடி பூக்கிற வாரங்கள் இந்தக் குறைந்த மழைக் காலத்தில் விழ வேண்டும்.

விதைத்து எட்டு, ஒன்பது வாரத்தில் பூ வரும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தீபாவளி ஆரவாரம் அடங்கி, நவம்பர் பிற்பாதியில் விதைத்தால் தைப்பூசத்தை ஒட்டிப் பூக்கும், மாசி கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ முதல் பழம். இதுதான் நான் பரிந்துரைக்கும் பருவம், ஏனென்றால் ஜனவரி இரவுகள் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். இரண்டாவது வாய்ப்பு ஏப்ரல் கடைசியில் விதைப்பது.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ஆண்டு இறுதியில்தான் பெருமழை. பிப்ரவரி வாக்கில் விதைப்பது அவர்களுக்கு நல்லது.

3. பையும் கலவையும்

தோட்டத்து மண்ணைத் தோண்டிப் போடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

காரணம் பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற அந்தக் கிருமி நம் தாழ்நில மண்ணில் பரவலாக உண்டு. கத்தரி, மிளகாய், தக்காளி, இஞ்சி எல்லாவற்றையும் தாக்கும். ஒட்டி வாழச் செடி இல்லாமலும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முன்பு எஸ்டேட் லயத்து வீட்டுப் பின்புறத்தில் எல்லாரும் கத்தரி, மிளகாய் போட்டிருப்பார்கள். அந்த மண்ணில்தான் இன்று தக்காளியை வைக்கிறோம். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது.

அதனால் மண்ணில்லாக் கலவை: தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, சுட்ட உமி ஒரு பங்கு, மட்கிய ஆட்டுப் புழுக்கை ஒரு பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். சாக்கில் போட்டு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்த பிறகே கலக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் நாற்றின் இலை ஓரம் கருகும், நீங்களோ தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவீர்கள்.

ஒரு பைக்கு ஒரு சின்னக் கைப்பிடி டோலமைட் போடுங்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் இதை ஜிஎம்எல் என்பார்கள். இது இரண்டு வேலை செய்கிறது. புளிப்பைக் குறைத்து பி.எச் அளவை 6க்கு மேல் கொண்டுவரும். கால்சியமும் மெக்னீசியமும் கொடுக்கும். மெதுவாகக் கரைவது என்பதால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கலந்து, ஈரப்படுத்தி, நிழலில் வைத்துவிட வேண்டும். விதை கடைசி என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோழி எருவைப் புதிதாக வாங்கி வந்து அப்படியே கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பைக்குள்ளேயே சூடாகி வேரை வேக வைத்துவிடும். கையில் எடுத்தால் எரு என்றே தெரியக் கூடாது. வாடையும் சூடும் போய், உதிரியாக இருக்க வேண்டும்.

ஆலையிலிருந்து பழம் உதிர்த்த செம்பனைக் குலை இலவசமாகக் கிடைக்கும் ஊர் இது. பை மேல் பரப்பும் மூடாக்குக்கு அருமையான பொருள், சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) உண்டு. ஆனால் புதுக் குலையை வைத்தால் ஈ மொய்க்கும், மட்கும்போது காண்டாமிருக வண்டு வந்து முட்டையிடும். பல மாதம் வெளியில் கிடந்து கருத்துப்போனதைப் பிய்த்து மெலிதாகப் பரப்புங்கள்.

பைகளைச் செங்கல் மேல் வையுங்கள். தரையில் வைத்தால் ஓட்டை வழியாக வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், மழை நாளில் தரையில் ஓடும் தண்ணீர் பைக்குள் ஏறும். சுத்தமான கலவைக்குப் பட்ட பாடெல்லாம் அதோடு வீண். பைக்குப் பை இரண்டு அடி இடைவெளி விடுங்கள்.

4. எந்த ரகம்

சமையலறைத் தக்காளியைப் பிழிந்து விதை எடுத்துப் போடுவது பலருடைய முதல் முயற்சி. அது கேமரன் மலைக்கென்று தேர்ந்த கலப்பின ரகமாக இருக்கும். அதன் விதை தாயைப் போல வராது, வந்தாலும் நம் சூட்டில் காய் பிடிக்காது. நல்ல உயரமாக, கரும்பச்சையாக, பூவோடு நின்று ஏமாற்றும்.

விதைப் பாக்கெட்டில் இரண்டு செய்தியைத் தேடுங்கள்: வெப்பம் தாங்கும், பாக்டீரியா வாடல் தாங்கும். தாழ்நிலத்துக்கென்று மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி வெளியிட்ட எம்டி1 ரகம் உண்டு. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையமும் வெப்பமண்டலத் தாழ்நிலத்துக்கான தக்காளியைப் பல பத்தாண்டுகளாக உருவாக்கி வருகிறது, அந்த வழியில் வந்த ரகங்கள் விதைக் கடைகளில் கிடைக்கின்றன.

முதல் முறை என்றால் செர்ரித் தக்காளி போடுங்கள். சின்னக் காய் ரகங்கள் சூட்டிலும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். சாம்பாருக்குப் பெரிய தக்காளிதான் வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கத்தரி வேர்த்தண்டில் (வேரோடு கூடிய அடித்தண்டில்) தக்காளியை ஒட்டுவது வாடலுக்கு உறுதியான தடுப்பு. உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கும் கத்தரி வேர்த்தண்டு வெள்ளத்தையும் ஓரளவு தாங்கும். ஒட்டு நாற்று எங்காவது விற்பனைக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். நீங்களே ஒட்டிப் பார்ப்பது இரண்டாம் பருவத்து வேலை.

5. நாற்று

நாற்றுத் தட்டில் கழுவிய நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். ஆழமாகப் போனால் முளை மேலே வருவதற்குள் அழுகும். நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும்.

முளை தலை காட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள், அடுத்த நாள் அல்ல. சமையலறை ஜன்னலில் ஒரு வாரம் வைத்தால் தண்டு நூலாக நீண்டு மடங்கிவிடும். பிறகு வெயிலில் வைத்தாலும் அது தேறாது. முதலில் காலை வெயில் மட்டும், நான்காம் நாளிலிருந்து பாதி நாள், பிறகு முழு நாள்.

மேல் பரப்பு காய்ந்து நிறம் வெளுத்த பிறகே தண்ணீர் தெளியுங்கள். சதா ஈரமாக இருந்தால் தண்டு அடியில் நீர் கோத்தது போலாகி, நூலாக இளைத்து, நாற்று சாயும். அந்தத் தட்டில் மற்றவையும் வரிசையாகப் போகும்.

6. பைக்கு மாற்றுவது

மூன்று வாரத்திலிருந்து நான்கு வாரம், முளையில் வரும் இரண்டு விதையிலையை விட்டு நான்கைந்து உண்மையான இலை, பென்சில் தடிமனில் பாதி. இதுதான் வயது. பெரிய நாற்றாக வைத்தால் சீக்கிரம் காய்க்கும் என்று நினைத்துக் காத்திருந்தால் தட்டுக்குள் வேர் சுருண்டு, செடி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மாலை ஐந்துக்கு மேல் நடுங்கள். இரவு முழுக்க வேர் தண்ணீர் பிடிக்க நேரம் கிடைக்கும். விதையிலை வரை ஆழமாகப் புதையுங்கள், தக்காளித் தண்டிலிருந்து புது வேர் விடும். ஒட்டு நாற்று மட்டும் விதிவிலக்கு. அதில் ஒட்டிய இடம் கலவைக்கு மேல் நிற்க வேண்டும். புதைத்துவிட்டால் தக்காளி தன் வேரை விட்டு, ஒட்டியதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

குச்சியை இப்போதே ஊன்றிவிடுங்கள். செடி வளர்ந்த பிறகு ஊன்றினால் வேரைக் குத்துவீர்கள், அந்தக் காயம் வாடல் கிருமிக்குக் கதவு.

7. தண்ணீர்

குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் சும்மா கிடைக்கிறதே என்று ஊற்றாதீர்கள். வாடல் கிருமி தண்ணீரில் பயணம் செய்யும். பக்கத்து வீட்டுக் கத்தரிப் பாத்தியைக் கழுவி வந்த தண்ணீர் எது என்று யாருக்குத் தெரியும்?

சின்னச் செடிக்கு நாளைக்கு அரை லிட்டர். காய் பிடித்த பிறகு வெயில் நாளில் இரண்டு லிட்டர் வரை போகும், அதைக் காலையிலும் பிற்பகலிலும் பிரித்து ஊற்றுங்கள். அடியில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். கணக்கைவிட விரல் நம்பகமானது. இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விட்டுவிடலாம்.

நண்பகலில் இலை லேசாகச் சோர்ந்து மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை, அது சூடு. அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஊற்றிக்கொண்டே இருப்பதால் வேர் அழுகிய செடிகள்தான் அதிகம்.

எல்லாவற்றையும் விடச் சீர் முக்கியம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் காய் வெடிக்கும். காயின் அடிப்பகுதி கருத்துத் தட்டையாகத் தோல் போல ஆவதும் இதனால்தான். கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகும், தண்ணீர் தடைபட்டால் அதுவும் தடைபடும். இதற்கு முட்டை ஓடு போடச் சொல்வார்கள். ஓடு கரைவதற்குள் செடியின் ஆயுள் முடிந்துவிடும். ஆரம்பத்தில் டோலமைட், பிறகு சீரான தண்ணீர், இதுவே வைத்தியம்.

8. உரம்

நட்டு பத்து நாள் வரை ஒன்றும் வேண்டாம். பிறகு பூ வரும் வரை 15:15:15 என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சேர்ந்த உரம்), செடிக்கு அரைத் தேக்கரண்டி, பத்து நாளுக்கு ஒரு முறை. முதல் பூங்கொத்து தெரிந்ததும் 12:12:17:2 நீல உரத்துக்கு மாறி, ஒரு தேக்கரண்டியாக்குங்கள். அந்த 17 சாம்பல் சத்து, காய்க்குத் தேவையானது. கடைசி 2 மெக்னீசியம். தண்டை ஒட்டிப் போடாமல் பையின் ஓரத்தில் தூவி, தண்ணீர் ஊற்றுங்கள்.

எஸ்டேட் ஸ்டோர் வழியாக யூரியா சுலபமாகக் கிடைக்கும் வீடுகளில் தக்காளி காடாக வளர்ந்து நிற்கும், காய் இருக்காது. தழைச்சத்து கூடினால் செடி இலையிலேயே குறியாக இருக்கும். தண்டு கட்டைவிரலைவிடத் தடித்து, நுனி இலைகள் உள்பக்கம் சுருண்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அடுத்த இரண்டு தவணையைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டு தனிக் கரைசலாக வரும் ஏபி உரம் பயன்படுத்துகிறவர்கள் ஏ கரைசலையும் பி கரைசலையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஏயில் உள்ள கால்சியமும் பியில் உள்ள சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. முதலில் பக்கெட் நிறையத் தண்ணீர், அதில் ஏ, கலக்கிவிட்டு, பிறகு பி.

9. கட்டுவதும் கிள்ளுவதும்

இலைக் கக்கத்தில் வரும் தளிர்களைச் சுண்டுவிரல் நீளத்துக்குள் கிள்ளிவிடுங்கள். முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ளவை எல்லாம் போகட்டும், மேலே ஒன்றை மட்டும் விட்டு இரண்டு தண்டாக வளர்க்கலாம். நம் ஈரக் காற்றில் அடர்ந்த செடிக்குள் இலை காயாது, பூஞ்சை பிடிக்கும். குட்டையாக வளர்ந்து தானே நின்றுவிடும் ரகமாக இருந்தால் கிள்ள வேண்டாம், அதில் கிளைதான் காய். பாக்கெட்டில் எது என்று எழுதியிருக்கும்.

வெயிலடிக்கும் காலையில் கிள்ளுங்கள், காயம் மாலைக்குள் உலரும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள், புகைப்பிடிப்பவர்கள் கட்டாயம். புகையிலைத் தேமல் வைரஸ் சிகரெட் தூளிலிருந்து விரல் வழியாகச் செடிக்கு வரும்.

ராஃபியா கயிற்றை எட்டு வடிவில் சுற்றிக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு தடிக்கும்போது கயிறு அறுத்துக்கொண்டு உள்ளே போகும்.

10. பூ கொட்டும் நாட்கள்

“தம்பி, பூ எல்லாம் நல்லாத்தான் பூக்குது, மறுநாள் பார்த்தா கீழ கெடக்குது. பூச்சியா?” என்று ஆன்ட்டிகள் கேட்பார்கள். “பூச்சி இல்ல ஆன்ட்டி, சூடு” என்பதுதான் பெரும்பாலும் பதில்.

பூக்காம்பை உற்றுப் பாருங்கள். நடுவில் முழங்கை மாதிரி ஒரு சிறு கணு இருக்கும். காய் பிடிக்காத பூவில் அந்தக் கணுவுக்கு மேல் உள்ள பகுதி முதலில் வெளிர் மஞ்சளாகும், பிறகு லேசாகத் தொட்டாலே அந்த இடத்தில் ஒடிந்து விழும். காய் பிடித்த பூவில் காம்பு பச்சையாகவே இருந்து கொஞ்சம் தடிக்கும், இதழ் மட்டும் வாடிச் சுருங்கும். இந்த வித்தியாசத்தைப் பழகிக்கொண்டால், கீழே உதிர்ந்து கிடப்பதை எண்ணிக் கலங்க வேண்டாம்.

பகல் 32ஐத் தாண்டி, இரவு 22, 23க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் சரியாக உருவாகாது. மொட்டு விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்புதான் மகரந்தம் உருவாகிறது. இன்று கொட்டும் பூ போன வாரச் சூட்டின் கணக்கு. ஆகவே இன்று எதையாவது தெளித்து அதைக் காப்பாற்ற முடியாது. அடுத்த கொத்துக்கு வழி செய்யலாம்: பிற்பகலில் தரையை நனைத்துச் சூட்டைக் குறைப்பது, கூரையின் பக்கங்களைத் திறந்து விடுவது, மூடாக்கு போட்டு வேரைக் குளிர்ச்சியாக வைப்பது.

தக்காளி தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், ஆனால் யாராவது அசைக்க வேண்டும். வெளியில் காற்றும் தச்சன் வண்டும் அதைச் செய்கின்றன. கூரைக்கு அடியில் இரண்டும் குறைவு. காலை எட்டிலிருந்து பத்துக்குள், பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு மூன்று தடவை சுண்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பல் பிரஷின் பின்பக்கத்தை ஒரு விநாடி வைத்தால் இன்னும் நல்லது. வெயில் பட்டால் மஞ்சள் தூள் உதிர்வது கண்ணுக்கே தெரியும். மழை நாளில் தூள் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும், அன்று சுண்டிப் பயனில்லை.

11. செடி சோர்ந்தால், சுருண்டால்

பச்சையாகவே சோர்ந்து, மாலையிலும் நிமிராமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. தண்டை அடியில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை நீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல மெல்லிய வெள்ளை நூல் கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வேர் அழுகல் அல்லது வேறு காரணம்.

வாடல் என்று தெரிந்தால் செடியைப் பையோடு கட்டி வெளியேற்றுங்கள். பிடுங்கினால் வேர் அறுந்து கலவை சிதறும். வெட்டிய கத்தியைக் குளோராக்ஸ் (வெளுப்பு மருந்து) கலந்த தண்ணீரில் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

நுனி இலை மஞ்சளாகிக் கிண்ணம் போல மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது இலைச்சுருள் வைரஸ், கொண்டுவந்தது வெள்ளை ஈ. அந்தச் செடியை எடுத்துவிடுங்கள், இனி காய்க்காது. மற்றவற்றுக்கு மஞ்சள் ஒட்டு அட்டையைச் செடி நுனி உயரத்தில் தொங்கவிட்டு, வேப்பெண்ணெய் ஐந்து மில்லியைச் சில துளி பாத்திரச் சோப்போடு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து மாலையில் இலை அடியில் தெளியுங்கள். மேலே தெளிப்பது வீண், ஈ இருப்பது அடியில்.

இலை மஞ்சளாகாமல், குறுகி, நாராக முறுக்கிக்கொண்டு, நரம்புகள் இணையாக ஓடினால் அது நோயே அல்ல, களைக்கொல்லி. காற்றில் வந்திருக்கலாம், அல்லது புல்லுக்கு அடித்த அதே பம்பில் வேப்பெண்ணெய் தெளித்திருப்பீர்கள். எத்தனை கழுவினாலும் பம்பில் கொஞ்சம் தங்கும். தக்காளிக்கு ஒரு சின்னத் தெளிப்பான் தனியாக வையுங்கள்.

அடி இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் அந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். கூரை இருந்தால் இதோடு நிற்கும். காயில் துளை தெரிந்தால் உள்ளே புழு உண்டு. காயோடு பறித்து அழித்துவிடுங்கள்.

12. பறிப்பது

செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் மைனாவும் பழ ஈயும் முந்திக்கொள்ளும். இன்னொரு காரணமும் இருக்கிறது: 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியில் சிவப்பு நிறம் சரியாக ஏறாது, ஆரஞ்சாகவே நின்று தோல் தளரும். காயின் அடியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கியதும் காம்போடு பறித்து, வீட்டுக்குள் நிழலில் ஒற்றை அடுக்காக வையுங்கள். மூன்று நாள், ஐந்து நாளில் பழுக்கும். அதற்கு முன் குளிர்பெட்டியில் வைத்தால் பழுப்பது நின்று மணமும் போய்விடும்.

13. பையைக் காலி செய்வது

ஐந்தாறு கொத்து காய்த்த பிறகு செடி தளர்ந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மேலும் இரண்டு மாதம் பாடுபடுவதைவிட எடுத்துவிடுவது மேல், பழைய செடி வெள்ளை ஈக்கு வீடு.

வாடல் வராத பையின் கலவையை வேரைச் சலித்து எடுத்துவிட்டு, கருப்பு பிளாஸ்டிக்கில் மூடி வெயிலில் நான்கு வாரம் வைத்து, அடுத்து கீரைக்கோ வெண்டைக்கோ நீளப் பயற்றுக்கோ பயன்படுத்துங்கள். உடனே மறுபடியும் தக்காளியோ மிளகாயோ கத்தரியோ வேண்டாம். வாடல் வந்த பையின் கலவையைக் கொல்லையில் கொட்டாதீர்கள், கட்டிக் குப்பையில் போடுங்கள். செங்கல், குச்சி, தெளிப்பான் எல்லாவற்றையும் குளோராக்ஸ் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கூரைப் பிளாஸ்டிக்கில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபர் கடைசியில் புதுக் கலவைக்கு டோலமைட் போட வேண்டியிருக்கும், விதை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.